ஒரு மணி நேரக் காகிதம்

மலர்க் குழு நண்பர்கள் "உங்கள் துறையைப் பற்றி ஒரு கட்டுரை கொடுங்களேன்" என்று கேட்டபோது, பெரிய பாலம், சுரங்கப் பாதை என்று ஏதாவது படத்தோடு வரும் என்று எதிர்பார்த்திருப்பார்கள். நான் எழுத எடுத்துக்கொண்டது ஒரு காகிதத்தின் வரலாறு. ஆசிரியப் பெருமக்களும் சீனியர் அண்ணன்மார்களும் கொட்டாவி விட்டுப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இந்தக் காகிதம் இல்லாவிட்டால் அமெரிக்காவின் நெடுஞ்சாலைகளில் பெரும்பாலானவை இல்லை.

சிவில் முடித்து, இப்போது அமெரிக்காவில் சாலை வடிவமைக்கும் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். இங்கே ஒரு சாலைக்கு மத்திய அரசின் பணம் வர வேண்டும் என்றால், மாநில அரசும் மத்திய நெடுஞ்சாலை நிர்வாகமும் ஒரு 'ப்ராஜெக்ட் அக்ரிமென்ட்' போட்டாக வேண்டும். திட்ட ஒப்பந்தம் என்று வைத்துக்கொள்வோம். இதைத் தயாரிக்க எத்தனை நேரம் பிடிக்கும் என்று மத்திய அரசே கணக்குப் போட்டு அரசிதழில் வெளியிடுகிறது. 2010-களில் வந்த அறிவிப்பில் கணக்கு இப்படி: 50 மாநிலங்கள், தலைநகர் வாஷிங்டன், போர்ட்டோரிக்கோ, மற்ற தீவுப் பகுதிகள் எல்லாம் சேர்த்து 56 அரசுகள். ஓர் அரசுக்குச் சராசரியாக வருஷம் 400 ஒப்பந்தங்கள். ஒப்பந்தத்துக்கு ஒரு மணி நேரம். ஆக மொத்தம் 22,400 மணி நேரம்.

கோடிக்கணக்கான டாலர் பெறுமான சாலைக்கு ஒரு மணி நேர வேலை! அப்படி என்னதான் அதில் இருக்கிறது? அந்த ஒரு மணி நேரத்துக்குப் பின்னால் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கதை இருக்கிறது.

சேறும் தபாலும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் அமெரிக்கக் கிராமச் சாலை என்றால் சேறுதான். மழை பெய்தால் குதிரை வண்டி அச்சு வரை புதைந்துவிடும். ஊர்ச் சாலை ஊர்க்காரர்கள் பாடு என்று விட்டிருந்தார்கள். 1893-இல்தான் மத்திய அரசு வேளாண்மைத் துறைக்குள் 'சாலை விசாரணை அலுவலகம்' என்று ஒன்றை 10,000 டாலர் ஒதுக்கீட்டில் ஆரம்பித்தது. ரோடு போட அல்ல, நல்ல ரோடு எப்படிப் போடுவது என்று சொல்லிக்கொடுக்க!

மத்திய அரசு தானே ரோடு போட்டால் என்ன என்று கேட்கலாம். அந்த அதிகாரம் அதற்கு உண்டா என்பதிலேயே நெடுநாள் வழக்கு இருந்தது. ஆனால் தபால் கொண்டுபோக வழி செய்யலாம் என்று அரசியல் சட்டமே சொல்கிறது. அந்தக் கதவு வழியாகத்தான் சாலைப் பணம் உள்ளே வந்தது. 1912-இல் கிராமத் தபால் வழிகளைச் சோதனையாகச் சீர்படுத்த 5 லட்சம் டாலர் ஒதுக்கினார்கள். மத்திய அரசு ஒரு பங்கு போட்டால் உள்ளூர் இரண்டு பங்கு போட வேண்டும். நாடு முழுவதும் சிதறிக் கிடந்த கவுண்டி நிர்வாகங்களோடு தனித்தனியாகப் பேசி மாளவில்லை. மாநில அரசு என்ற ஒரே கையோடு மட்டும் பேசுவதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும் என்பது அந்தச் சோதனையில் கிடைத்த பாடம்.

1916: முதல் நிபந்தனைகள்

1916 ஜூலை 11 அன்று குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன் மத்திய உதவிச் சாலைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஐந்து வருஷத்துக்கு 7.5 கோடி டாலர். பணத்தை மாநிலங்களுக்குப் பிரிக்க ஒரு சூத்திரம்: மூன்றில் ஒரு பங்கு பரப்பளவுக்கு, ஒரு பங்கு மக்கள் தொகைக்கு, ஒரு பங்கு தபால் வழிகளின் நீளத்துக்கு.

பணம் சும்மா வரவில்லை, நிபந்தனைகளோடு வந்தது. முதலாவது, மாநிலத்தில் நெடுஞ்சாலைத் துறை என்று ஒன்று இருக்க வேண்டும். இல்லாத மாநிலங்கள் அவசர அவசரமாக ஏற்படுத்திக்கொண்டன. இரண்டாவது, எந்த ரோடு என்று மாநிலம்தான் முன்மொழிய வேண்டும். முதலில் திட்ட அறிக்கை. அதற்கு ஒப்புதல் வந்தால் சர்வே, வரைபடம், விவரக்குறிப்பு, மதிப்பீடு. மூன்றாவது, செலவில் பாதிக்கு மேல் மத்திய அரசு தராது; அதிலும் மைலுக்கு 10,000 டாலர் என்று ஓர் உச்சவரம்பு. நான்காவது, போட்ட ரோட்டைப் பராமரிப்பது மாநிலத்தின் கடமை. பராமரிக்கவில்லை என்று நோட்டீஸ் கொடுத்து நாலு மாதத்தில் சரிசெய்யாவிட்டால், அந்த மாநிலத்தின் புதிய திட்டங்கள் எதற்கும் ஒப்புதல் கிடையாது.

எஸ்டிமேட் வகுப்பில் கடைசி வரியாக 'எதிர்பாராச் செலவு' என்று ஒரு சதவீதம் சேர்ப்போமே, நினைவிருக்கிறதா? 1916 சட்டத்தில் அதுகூட இருந்தது. பொறியியல் மேற்பார்வை, ஆய்வு, எதிர்பாராச் செலவு எல்லாம் சேர்த்து மதிப்பீட்டில் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். அதைப் படித்தபோது, எழுதினவர்கள் பக்கத்தில் ஒரு எஞ்சினியர் உட்கார்ந்திருந்திருப்பார் என்று தோன்றியது.

இந்தச் சட்டத்தின் கீழ் முதலில் முடிந்த வேலை கலிஃபோர்னியாவில், ஆல்பனியிலிருந்து ரிச்மண்ட் வரை இரண்டரை மைல் சாலை. 1918 ஜனவரியில் முடித்தார்கள். அந்த இரண்டரை மைலும் சரி, பின்னால் வந்த இன்டர்ஸ்டேட் சாலைகளும் சரி, மாநிலங்களின் சொத்து. மத்திய அரசு பணம் தரும், விதி சொல்லும், சரிபார்க்கும். ரோடு அதனுடையது அல்ல. ஒருவர் பணத்தில் இன்னொருவர் சொத்து உருவாகிறது என்றால், நடுவில் எழுத்து இல்லாமல் முடியுமா? ஒப்பந்தக் காகிதம் பிறந்தது இந்த இடத்தில்தான்.

1922: வாக்கு கடனான வருஷம்

முதல் உலகப் போரில் கனரக லாரிகள் ஓடி ஓடிச் சாலைகள் நொறுங்கிப்போயின. 1919-இல் அயோவா மாநிலத்திலிருந்து தாமஸ் மெக்டொனால்டு என்ற எஞ்சினியர் மத்திய சாலைத் துறையின் தலைவராக வந்தார். 1953 வரை, 34 வருஷம், அந்த நாற்காலியில் இருந்தார். அவர் காலத்தில்தான் 1921-இல் புதிய சட்டம் வந்தது. மாநிலத்தின் மொத்தச் சாலைகளில் 7 சதவீதத்துக்குள் முக்கியமானவற்றைத் தேர்ந்தெடுத்து, மத்திய உதவியை அவற்றுக்கு மட்டும் என்று சுருக்கினார்கள்.

ஆனால் பெரிய மாற்றம் 1922-இல், தபால் துறைக்கான நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்துக்குள் ஒரு மூலையில் நடந்தது. அதுவரை இருந்த சிக்கல் இது: ரோடு போட இரண்டு மூன்று வருஷம் ஆகும், நாடாளுமன்றம் பணம் ஒதுக்குவதோ வருஷா வருஷம். அடுத்த வருஷம் ஒதுக்காவிட்டால்? மாநிலம் எந்தத் தைரியத்தில் டெண்டர் விடும்? 1922 சட்டம் சொன்னது: மாநிலங்களுக்குப் பங்கு பிரித்த பிறகு, ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தாலே அது மத்திய அரசு பட்ட ஒப்பந்தக் கடன். ரொக்கம் பின்னால் வரும். கடன் இன்றே எழுதியாச்சு.

கான்ட்ராக்ட் அத்தாரிட்டி என்று இன்றும் இதைச் சொல்கிறார்கள். அமெரிக்க நெடுஞ்சாலைகளின் உண்மையான அஸ்திவாரம் இந்த ஒரு வாக்கியம் என்று சொன்னால் மிகையாகாது. ஏனென்றால் இங்கே பணம் முன்கூட்டிக் கைக்கு வருவதில்லை. மாநிலம் தன் பணத்தில் வேலையை நடத்தி, பில் அனுப்பி, மத்தியப் பங்கைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. கையில் காசு இல்லாமல் காகிதத்தை நம்பி ஜல்லி கொட்ட வேண்டும் என்றால், அந்தக் காகிதம் எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும்!

காசு பெருத்தது, களவும் பெருத்தது

1956 ஜூன் 29 அன்று ஐசனோவர் கையெழுத்திட்ட சட்டம் 41,000 மைல் இன்டர்ஸ்டேட் வலைக்கு வழி செய்தது. மத்தியப் பங்கு 90 சதவீதம். பெட்ரோல் வரியைப் போட்டுவைக்க ஒரு தனி நிதியம். பாதிக்குப் பாதி என்றிருந்தவரை, மாநிலம் தன் பாதியைக் காக்கவாவது கண்ணை விழித்துக்கொண்டிருந்தது. பத்துக்கு ஒன்பது அடுத்தவன் காசு என்று ஆனதும் சில இடங்களில் கண் அசந்தது.

1959-இல் மினசோட்டாவின் ஜான் பிளாட்னிக் தலைமையில் நாடாளுமன்றத் துணைக்குழு ஒன்று விசாரிக்க ஆரம்பித்தது. நிலம் எடுப்பில் ஊதிப்பெருக்கிய மதிப்பீடுகள், ஒப்பந்தக்காரரிடம் அன்பளிப்பு வாங்கின மேற்பார்வையாளர்கள், விவரக்குறிப்புக்கு எட்டாத பொருளுக்கு 'சரி' என்று எழுதிய சோதனைச் சீட்டுகள் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தன. காகிதம் இல்லாமல் போகவில்லை. இருந்த காகிதம் பொய் சொன்னது. அதற்குப் பிறகுதான், களத்தில் சோதிப்பவர் ஒருவர், அவருடைய சோதனையைச் சரிபார்ப்பவர் வேறொருவர் என்ற ஏற்பாடு அழுத்தம் பெற்றது.

இன்றைக்கு எஃப்.எச்.டபிள்யூ.ஏ. 1273 என்று ஒரு படிவம் இருக்கிறது. மத்திய உதவி பெறும் ஒவ்வொரு கட்டுமான ஒப்பந்தத்திலும் அதை முழுசாக இணைக்க வேண்டும். வேலையில் இன பேதம் பார்க்கக் கூடாது, இவ்வளவு கூலிக்குக் குறையக் கூடாது, பொய்க் கணக்கு எழுதினால் குற்றம் என்று பக்கம் பக்கமாக வரும். புதிதாக வேலைக்கு வரும் பையன்கள் அதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். ஒவ்வொரு பத்திக்கும் அடியில் எங்கோ ஒரு தொழிலாளி ஏமாந்த கதை இருக்கிறதப்பா என்று நான் சொல்வதுண்டு.

பூங்காவைக் காப்பாற்றிய ஃபைல்

டென்னஸி மாநிலத்தில் மெம்ஃபிஸ் நகரம். நடுவில் ஓவர்ட்டன் பூங்கா, 342 ஏக்கர். ஐ-40 நெடுஞ்சாலையை அதன் குறுக்கே கொண்டுபோவது என்று முடிவாகி, மத்தியப் போக்குவரத்துச் செயலாளர் ஒப்புதலும் கொடுத்துவிட்டார். வேறு நல்ல வழி இருந்தால் பூங்கா நிலத்தைத் தொடக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. வேறு வழி இல்லை என்று எந்த ஆதாரத்தில் முடிவெடுத்தீர்கள் என்று ஊர்க்காரர்கள் வழக்குப் போட்டார்கள். அரசாங்கம் வழக்கு வந்த பிறகு தயாரித்த வாக்குமூலங்களை நீட்டியது.

1971-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வழக்குக்காகப் பிறகு எழுதின காரணம் செல்லாது. முடிவெடுத்த நேரத்தில் ஃபைலில் என்ன இருந்தது என்பதைத்தான் முழுசாகப் பார்க்க வேண்டும் என்று திருப்பி அனுப்பியது. கடைசியில் அந்தச் சாலை பூங்காவுக்குள் வரவே இல்லை. ஐ-40 நகரத்தைச் சுற்றிக்கொண்டு போகிறது. ரோடு போடுகிறவன் நான். இருந்தாலும் இந்தத் தீர்ப்பு எனக்குப் பிடிக்கும். எஞ்சினியர் எடுத்த முடிவுக்கு அன்றைய தேதியில் எழுதிவைத்த காரணம் வேண்டும் என்று அது சொல்கிறது.

கையெழுத்துக்கு முன்னும் பின்னும்

அந்த வழக்கில் எதிர்த்தரப்பில் இருந்த செயலாளர் ஜான் வோல்ப்பி. அவரே முன்பு கட்டுமான நிறுவனம் நடத்தியவர். 1956-இல் மத்திய நெடுஞ்சாலை நிர்வாகியாகவும் இருந்தவர். அவர் பெயரிலேயே இன்னொரு வழக்கும் உண்டு. நிக்ஸன் காலத்தில், விலைவாசியைக் கட்டுப்படுத்தப் போகிறோம் என்று காரணம் காட்டி, மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுத்த சாலைப் பணத்தில் ஒரு பகுதிக்கு ஒப்பந்தம் போட விடாமல் நிறுத்தி வைத்தார்கள். மிசௌரி மாநிலம் வழக்குத் தொடுத்தது. 1973-இல் எட்டாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், நெடுஞ்சாலைச் சட்டத்துக்குச் சம்பந்தமில்லாத காரணத்தைச் சொல்லி அப்படி நிறுத்த முடியாது என்று தீர்ப்பளித்தது.

பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2025 பிப்ரவரியில் மின்சார வாகனங்களுக்குச் சார்ஜ் நிலையங்கள் அமைக்கும் மத்தியத் திட்டத்தை நெடுஞ்சாலை நிர்வாகம் ஒரு கடிதத்தின் மூலம் நிறுத்தியது. மாநிலங்களின் திட்ட ஒப்புதல்கள் இடைநிறுத்தம், புதிய ஒப்பந்தக் கடன் எதுவும் கிடையாது என்றது. ஆனால் அதே கடிதத்தில், ஏற்கெனவே பட்ட கடனுக்கு மட்டும் பணம் திரும்பக் கிடைக்கும் என்று இருந்தது. கையெழுத்தான வேலை பிழைத்தது. பட்டியலில் மட்டும் இருந்த வேலை அந்தரத்தில் நின்றது. மாநிலங்கள் நீதிமன்றம் போய், ஜூன் மாதம் 14 மாநிலங்களுக்கு இடைக்காலத் தடை உத்தரவு கிடைத்தது. ஆகஸ்டில் புதிய வழிகாட்டு விதிகள் வந்தன. 1922-இல் எழுதின வாக்கியம் நூறு வருஷம் கழித்தும் வேலை செய்தது பாருங்கள்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு ஃபைலைத் திறந்தால் நான் முதலில் பார்ப்பது அனுமதித் தேதியைத்தான். அந்தத் தேதிக்கு முன்னால் செய்த வேலைக்குப் பொதுவாக மத்தியப் பணம் கிடையாது. தேதிக்கு முந்தின நாள் போட்ட ஒரு போர்வெல் சோதனைகூட மாநிலத்தின் தலையில்தான் விழும்.

காகிதத்தைக் குறைக்க ஒரு காகிதம்

இதெல்லாம் சரி, காகிதம் வளர்ந்துகொண்டே போனால் யார் தடுப்பது? 1970-களில் அமெரிக்காவிலும் இதே கூக்குரல். நாடாளுமன்றம் காகித வேலைக்கென்றே ஓர் ஆணையம் அமைத்தது. அதன் பயனாக 1980 டிசம்பரில் கார்ட்டர் கையெழுத்திட்ட காகிதக் குறைப்புச் சட்டம் வந்தது. 1995-இல் அதைத் திருத்தி எழுதினார்கள். அரசுத் துறை எதுவும் மக்களிடமோ மாநிலங்களிடமோ தகவல் கேட்க வேண்டுமானால், அதை நிரப்ப எத்தனை மணி நேரம் ஆகும் என்று கணக்குக் காட்டி, அரசிதழில் முதலில் 60 நாள், பிறகு 30 நாள் கருத்துக் கேட்டு, பட்ஜெட் அலுவலகத்திடம் ஓர் எண் வாங்க வேண்டும். அந்த அனுமதி அதிகபட்சம் மூன்று வருஷம். பிறகு மறுபடி முதலிலிருந்து. எண் இல்லாத படிவத்தை நிரப்பவில்லை என்று யாரையும் தண்டிக்க முடியாது.

நான் ஆரம்பத்தில் சொன்ன 22,400 மணி நேரக் கணக்கு இந்தச் சட்டத்தால் வந்ததுதான். திட்ட ஒப்பந்தமும் இதனால் இளைத்தது. முன்பெல்லாம் வேலைக்கு அனுமதி ஒரு காகிதம், ஒப்பந்தம் பி.ஆர்.2 என்ற இன்னொரு படிவம். 1998-இல் வந்த சட்டம் இரண்டையும் ஒரே நடவடிக்கையாக்கியது. எந்த வடிவத்தில் வேண்டுமானாலும் மாநிலம் கொடுக்கலாம், தகவல் இருந்தால் போதும். எந்த ஊரிலிருந்து எந்த ஊர் வரை, திட்ட எண், என்ன வேலை, மொத்தச் செலவு, மத்தியப் பங்கு, விதிகளுக்குக் கட்டுப்படுகிறோம் என்ற உறுதி, இரு தரப்புக் கையெழுத்து, தேதி. இப்போது இது கணினியிலேயே நடக்கிறது. ஒரு மணி நேரம் போதும் என்பதன் ரகசியம் இதுதான். கஷ்டமான வேலையெல்லாம் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

காகிதம் என்றாலே தாமதம் என்பதும் முழு உண்மை அல்ல. 2024 மார்ச் 26 அன்று பால்டிமோரில் கப்பல் மோதி ஃபிரான்சிஸ் ஸ்காட் கீ பாலம் இடிந்தது. 28-ஆம் தேதி மேரிலாந்து மாநிலம் அவசர நிதி கேட்டது. அன்றே 6 கோடி டாலர் அனுமதியானது. வழி ஏற்கெனவே வெட்டி வைத்திருந்தால் தண்ணீர் வேகமாக ஓடும்.

இளையவர்களுக்கு ஒரு வார்த்தை

நம்மில் பலருக்குக் களம்தான் வேலை, காகிதம் தொந்தரவு. எனக்கும் படிவம் நிரப்புவதில் பிரியம் ஒன்றும் இல்லை. ஆனால் இந்த வரலாற்றைப் படித்ததில், எந்தக் காகிதம் நல்லது, எது வெறும் சுமை என்று பிரிக்க எனக்கு ஓர் அளவுகோல் கிடைத்தது. கேட்பவனை மட்டும் கட்டிப்போட்டால் அது சுமை. கொடுப்பவனையும் சேர்த்துக் கட்டினால் அது ஒப்பந்தம். 1916-இல் மாநிலத்தைக் கட்டினார்கள். 1922-இல் மத்திய அரசு தன்னையும் கட்டிக்கொண்டது. அதற்குப் பிறகுதான் ரோடு தைரியமாக நீண்டது. 1980-இல், படிவம் கேட்கும் அதிகாரியும் கட்டுப்பட்டார்.

பணம் உள்ள அரசு ஒன்று, மண் உள்ள அரசு இன்னொன்று. ஒருவர்மேல் ஒருவருக்கு முழு நம்பிக்கை என்றைக்கும் இருந்ததில்லை. அப்படியிருந்தும் இத்தனை ஆயிரம் மைல் சாலை போட்டார்கள். நம்பிக்கை குறைகிற இடத்தை எழுத்தால் நிரப்பினார்கள், அவ்வளவுதான். ஆகையால் தம்பி, தங்கைகளே, அடுத்த முறை உங்கள் மேஜைக்கு ஒரு படிவம் வந்தால், நிரப்புவதற்கு முன் அது யாரை எதற்குக் கட்டுகிறது என்று ஒரு நிமிஷம் பாருங்கள். விடை இருந்தால் கவனமாக நிரப்புங்கள், தேதியோடு. விடை இல்லை என்றால் அதை ஒழிக்க என்ன வழி என்று கேளுங்கள். இரண்டுமே எஞ்சினியர் வேலைதான்.